சாலைக்கு அந்தப் பக்கம் நான் நர்ஸ் இல்லை

1

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு அல் நஹ்தா என்று பெயர். எங்கள் கட்டிடத்துக்கு எதிரே ஒரு சாலை. அதைத் தாண்டினால் அங்கேயும் அல் நஹ்தாதான், ஆனால் அது துபாய். ஊரிலிருந்து யாராவது வந்தால் பால்கனியில் நிறுத்தி, "அந்தா தெரியுதுல்லா மருந்துக்கடை, அது துபாய். கீழ நிக்கிற வேன் ஷார்ஜா" என்று காட்டுவோம். வந்தவர்கள் ஒரு வேலியையோ காவலரையோ கண்ணால் தேடுவார்கள். ஒன்றும் கிடையாது. பச்சை விளக்கு எரிந்தால் நடக்க வேண்டியதுதான்.

நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு பத்தொன்பது வருடம் முடிகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்து, நாகர்கோவிலில் நர்சிங் படித்து, ஐந்து வருடம் பம்பாயில் வேலை பார்த்து, நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு விமானம் ஏறியவள். என் வீட்டுக்காரர் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிறார். எனக்கு ஷார்ஜாப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை. வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை.

போன வருடக் கடைசியில் கிளினிக்காரர்கள் கட்டிடத்தைக் காலி செய்து சாலைக்கு அந்தப் பக்கம் பெரிய இடம் பிடித்தார்கள். எனக்கு இரண்டு நிமிட நடைதான் கூடுதல். சந்தோஷமாகத்தான் இருந்தது, எங்கள் பி.ஆர்.ஓ. ஷிஹாப் வாயைத் திறக்கும்வரை. அரசாங்கக் காகித வேலையெல்லாம் பார்ப்பவர் அவர், கோழிக்கோட்டுக்காரர்.

"சேச்சி, அந்தப் பக்கம் நீங்க நர்ஸ் இல்லையே" என்றார்.

2

சொன்னது விளையாட்டில்லை. என் உரிமம் மத்திய அமைச்சகம் கொடுத்தது. ஷார்ஜாவுக்கும் அதற்கு வடக்கே உள்ள அமீரகங்களுக்கும் அது செல்லும். துபாய்க்குத் துபாயின் உரிமம் வேண்டும். அபுதாபிக்குப் போனால் அதுவும் தனி. எல்லாவற்றையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறது; வரும்போது வரட்டும். இதில் நான் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுப் பதிவை வைத்துக்கொண்டு பம்பாய்க்குப் போனபோதும் அங்கே மறுபடி பதிவு செய்யத்தான் சொன்னார்கள். ஆனால் அதற்கு ரயிலில் ஒன்றரை நாள் போக வேண்டியிருந்தது. இங்கே ஒரு சிக்னல்.

ஷிஹாப் என் சான்றிதழ்களை மேசையில் பரப்பினார். பத்து நிமிடத்தில் முகம் மாறியது.

"சேச்சி, டிப்ளமாவில எம். செலின் மேரி. பாஸ்போர்ட்டில செலின் மேரி மிக்கேல். இந்த எம் யாரு?"

"எங்க அப்பா."

"அப்பா முன்னால நிக்கிறாரா, பின்னால நிக்கிறாரா? ஒரு இடத்தில நிக்கச் சொல்லுங்க."

முன்னால் நின்ற அப்பாவும் பின்னால் நின்ற அப்பாவும் ஒரே ஆள்தான் என்று நான் நர்சிங் படித்த பள்ளி எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குப் போன மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து நானே போன் செய்தேன். எடுத்தவர் மிக மரியாதையாக, "மெயிலு பாக்கிற பிள்ளை பிரசவத்துக்குப் போயிருக்கு மேடம், வந்தோடன பாக்கச் சொல்லுகேன்" என்றார். நானும் நர்ஸ். பிரசவத்துக்கு என்ன கோபப்பட முடியும்? சுகப்பிரசவமா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

உரிமம் வரும்வரை ரிசப்ஷனில் உட்காரச் சொன்னார்கள். விசா மாறியது. அடையாள அட்டையில் தொழில் என்ற இடத்தில் நிர்வாக உதவியாளர் என்று வந்தது. அந்தோணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"பிரமோஷனா பிள்ளே?"

"சும்மா இரியும்."

"இல்ல, பேரு நீளமா இருக்கே, அதான் கேட்டேன்."

அவர் சிரிக்க வைக்கத்தான் பார்த்தார். நான் அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தேன். போனை எடுப்பது, காப்பீட்டு அட்டையைத் தேய்ப்பது, டோக்கன் கொடுப்பது. யாராவது கையை நீட்டினால் என் விரல் தானாக நாடிக்குப் போகும். அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடும்.

இந்த நாட்டில் முதல் வருடம் நான் பட்ட பாட்டுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை என்று தேற்றிக்கொண்டேன். அப்போது என் இந்தி அரைகுறை. பம்பாயில் ஐந்து வருடம் மலையாளிகளோடும் தமிழர்களோடும் காலத்தை ஓட்டியிருந்தேன். நெஞ்சுச் சளியோடு வந்த ஒரு பெஷாவர் டிரைவரிடம் மூச்சை இழு, மூச்சை விடு என்று சொல்வதாக நினைத்து, "சாஸ் லோ, சாஸ் சோடோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூச்சுக்கு 'சான்ஸ்' என்று மூக்கால் சொல்ல வேண்டுமாம். நான் சொன்னது மாமியார். மாமியாரைப் பிடி, மாமியாரை விடு. அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் சளி தானாகவே வெளியே வந்துவிட்டது.

3

எங்கள் மகள் ஜெஸி கனடாவில் சட்டம் படிக்கிறாள். இரண்டாம் வருடம். ஷார்ஜாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் நடப்பதுதான் அவளுக்கும் நடந்தது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பதினெட்டு வயதில் முதல் பட்டத்துக்கே அங்கே போனாள். முதலில் தினமும் போன், பிறகு ஞாயிறுகளில், பிறகு 'பிஸி அம்மா' என்று ஒரு வரி. படிப்பைப் பற்றிக் கேட்டால், "உங்களுக்குப் புரியாது, விடுங்க" என்பாள். கோபத்தில் சொல்ல மாட்டாள், அதுதான் வலிக்கும்.

நான் ரிசப்ஷனுக்குப் போன இரண்டாவது மாதம் அவளாகவே கூப்பிட்டாள். இங்கே சாயங்காலம், அவளுக்குக் காலை. "அம்மா, நீ இப்போ நர்ஸ் இல்லையாமே? அப்பா மெசேஜ் போட்டிருந்தாரு. ஏன்?"

சாலையைச் சொன்னேன். இரண்டு உரிமம் சொன்னேன். முன்னால் அப்பா, பின்னால் அப்பாவையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கேக்குதா மக்ளே?"

"வெயிட் அம்மா, எழுதிட்டிருக்கேன். எனக்கு இதேதான் பேப்பர்!"

ஆரோக்கியச் சட்டம் என்று ஒரு பாடமாம், அதற்குக் கட்டுரை எழுத வேண்டுமாம். கனடாவில் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்த பழைய அரசியல் சட்டத்தில் ஆரோக்கியம் என்று ஒரு தலைப்பே கிடையாதாம். ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கையில். நர்ஸ், டாக்டர் உரிமமும் மாகாணம்தான். தொற்றுநோய்த் தனிமைப்படுத்தலும் கடலோடிகளின் ஆஸ்பத்திரியும் மத்திய அரசின் கையில். மத்திய அரசு மாகாணங்களுக்கு நிதி கொடுக்கும்போது நிபந்தனை போட்டு, குற்றவியல் சட்டத்தையும் வைத்துக்கொண்டு, ஆரோக்கியத்துக்குள் வந்து நிற்கும். யார் எதுவரை வரலாம் என்று நூறு வருடத்துக்கு மேலாக நீதிமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

ஸ்பீக்கரில் கேட்டபடி பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த அந்தோணி கையைத் துடைக்காமலே போன் பக்கம் வந்தார். அவர் அப்பா கட்டுமரத்தில் போனவர்.

"என்ன சொன்ன? கடலுக்குப் போறவனுக்குத் தனி ஆஸ்பத்திரியா?"

"மெரைன் ஹாஸ்பிடல்ஸ் அப்பா. அந்தக் காலத்துல கப்பல்ல வர்ற மாலுமிகளுக்கு."

"அப்பம் கரையில நின்னு வலை இழுக்குறவன் காலு முறிஞ்சா? அவன் மாகாணமா, மத்தியா? ஒரு காலு தண்ணியில நிக்கே."

ஜெஸி சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்துக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "அப்பா, அது சூப்பர் கொஸ்டின். நான் ப்ரொஃபஸர்கிட்ட கேக்கறேன்." பிறகு, "மாகாணம்னுதானே சொன்னீங்க? ப்ராவின்ஸ்க்கு அதுதான் தமிழா? நான் இவ்வளவு நாள் ஸ்டேட்னே சொல்லிட்டிருந்தேன்" என்றாள்.

அன்று முதல் வாரத்துக்கு இரண்டு முறை போன் வந்தது. கேள்வி கேட்கத்தான். இருந்தால் என்ன.

4

மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. பத்து மணிக்கு மேல் இருக்கும். ஏ.சி. குழாய் மாட்டும் கம்பெனிச் சீருடையில் ஒருவர் வந்தார். செல்வராசு என்று பெயர், அரியலூர்ப் பக்கம். விரலில் தகரம் கிழித்த காயம், கட்டு மாற்ற வேண்டும். படிவத்தைக் கொடுத்தேன். பெயர் எழுதும் இடத்தில் பெயரை எழுதினார். ஊர் எழுதும் இடத்திலும் பெயரையே எழுதினார். போன் நம்பர் இடத்திலும் அதே.

நிமிர்ந்து பார்த்தேன். ஏ.சி.யின் நேர் கீழே உட்கார்ந்திருந்தவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஏதோ கேட்க, "ஒங்களுக்கு என்னங்க வேணும்? ஏன் என்னையே பாக்குறீங்க?" என்று கத்தினார். நாக்குக் குழறியது. வாசலில் இருந்த செக்யூரிட்டி ஓடி வந்து தோளைப் பிடித்தார். குடித்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"பாய், சலோ, பாஹர் சலோ" என்று வாசல் பக்கம் இழுத்தார்.

எனக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. சர்க்கரை இறங்குகிறது. என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதற்குள் சர்க்கரை பார்க்கும் கருவி. கை நீட்டினால் எட்டும். கருவியைத் தொட வேண்டிய நர்ஸ் கிரேஸ், உள்ளே டாக்டர் ஹாலாவோடு ஒரு குழந்தையின் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டினேன். "ரெண்டு நிமிஷம்" என்று டாக்டரின் குரல் வந்தது.

திரும்பி வந்து செக்யூரிட்டியின் கையை விலக்கினேன். "விடுங்க, அவர் குடிக்கல. எனக்குத் தெரியும், நான் நர்ஸ்." சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

எங்கள் சாப்பாட்டு அறை ஃபிரிட்ஜிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் பாக்கெட்டை எடுத்து வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, என்னப் பாருங்க. எச்சிலை முழுங்குங்க, பாப்போம்."

முழுங்கினார்.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"பஸ்சு... அஞ்சு மணிக்கே..."

"சர்க்கரை மாத்திரை?"

தலையை ஆட்டினார். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் சைட்டுக்கு ஓடியிருக்கிறார். ஜூஸை உறிஞ்ச வைத்தேன். ஒன்று முடிந்து இரண்டாவதில் பாதி போனபோது டாக்டர் ஹாலா கையுறையோடு வந்தார். கிரேஸ் விரலில் குத்திப் பார்த்தாள். ஐம்பதைத் தொடவில்லை. ஜூஸ் குடித்த பிறகும்.

கால் மணி நேரத்தில் செல்வராசு ஆளே மாறிவிட்டார். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். கத்தினதற்காக அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் வந்து, "அக்கா, ஊர்ல எங்க வீட்டுக்காரி தெனம் போன்ல சாப்பிட்டியான்னு கேப்பா. சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவேன். இனிமே சொல்லலக்கா" என்றார்.

டாக்டர் ஹாலா எகிப்துக்காரர். அதிகம் பேச மாட்டார். போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

5

வம்பு, பாராட்டாக வந்தது.

செல்வராசு கத்தினாரே, அந்த அம்மாள் அன்று மாலையே இணையத்தில் எங்கள் கிளினிக்குக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு நீளமாக எழுதிவிட்டார். ரிசப்ஷனில் இருந்த நர்ஸ்தான் அந்த மனிதரின் உயிரைக் காப்பாற்றினார், தான் ஒரு நர்ஸ் என்று அவரே சொன்னார், கடவுள் அவரை ஆசீர்வதிக்கட்டும் என்று. கடவுளுக்கு முன்னால் தலைமை அலுவலகம் அதைப் படித்தது. ரிசப்ஷனில் எப்படி நர்ஸ்? உரிமம் இல்லாத ஒருவர் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தாரா? இரண்டு நாளில் எழுத்து மூலம் விளக்கம் தேவை.

உரிமம் இல்லாமல் சிகிச்சை என்று எழுத்தில் ஏறிவிட்டால், வரப்போகும் உரிமமும் வராது. இருக்கிற உரிமத்துக்கும் ஆபத்து. நாற்பத்தேழு வயதில் வேறு என்ன வேலைக்குப் போவேன்?

ஷிஹாப் நல்ல மனதோடுதான் வழி சொன்னார். "சேச்சி, டாக்டர் உள்ளே இருந்து ஜூஸ் கொடுக்கச் சொன்னாங்கன்னு எழுதுங்க. டாக்டரும் சரின்னு சொல்லுவாங்க. நர்ஸ்னு சொல்லவே இல்ல, அந்த அம்மா தப்பாக் கேட்டாங்க. கலாஸ், முடிஞ்சது."

ஆசையாகத்தான் இருந்தது. ஜெஸிக்குப் போன் செய்தேன். அவள் வகுப்புக்குப் போகும் வழியில் இருந்தாள். நின்று கேட்டாள். பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினாள்.

"கண்ணாடி அலமாரியைத் திறந்தியா?"

"இல்ல."

"விரல்ல குத்தினியா? மாத்திரை, ஊசி ஏதாவது?"

"இல்ல மக்ளே. ஜூஸுதான்."

"முழுங்கச் சொன்னியே, அது ஏன்?"

"முழுங்க முடியாதவனுக்கு வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்ல போயிரும்லா. அதுக்குத்தான்."

"நர்ஸ்னு சொன்னியா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அம்மா?"

"சொன்னேன்."

பிறகு அவள் மெதுவாக, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகத் தேடிப் பேசினாள். "இங்க ஒரு சட்டம் மத்திய அரசோடதா, மாகாணத்தோடதான்னு சண்டை வந்தா, கோர்ட் அந்தச் சட்டத்துக்கு என்ன பேர் வச்சிருக்காங்கன்னு மட்டும் பாக்காது. அதோட உள்ள இருக்கிற... உயிர்... என்ன சொல்றது... அது உண்மையில என்ன செய்யுதுன்னு பாக்கும். சாறு மாதிரி."

"சாரம்."

"சாரம்! நீ செஞ்சதோட சாரம் என்ன? பசியோட இருந்த ஒருத்தருக்குக் குடிக்கக் கொடுத்தே. அதுக்கு யாரும் லைசென்ஸ் வாங்க வேண்டாம். ஆனா நர்ஸ்னு சொன்னது தப்பு. அதையும் எழுது. பொய் எழுதாதே அம்மா. உண்மையே போதும்."

"மாட்டிக்கிட்டேன்னா?"

"மாட்டிக்கிட்டா நான் வரேன். ஆனா நான் இன்னும் லாயர் இல்ல, பக்கத்துல நிக்க மட்டும்தான் முடியும்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எழுதினேன். நர்ஸ் என்று சொன்னதையும் எழுதினேன்.

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ஜோர்டான் நாட்டவர், ஜெஸியைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். என் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டார். டாக்டர் ஹாலாவும் இருந்தார்.

"நர்ஸ் என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம் மேடம். பல வருடப் பழக்கம். நாக்கு முந்திவிட்டது. அவரை வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது."

"இங்கே நீங்கள் நர்ஸ் இல்லை என்பது தெரியும்தானே?"

"தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் நர்ஸ்." கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் வாயில் வந்தது.

அவர் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். டாக்டர் ஹாலா அதுவரை பேசாதவர், "அலமாரி அவளுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவள் தொடவில்லை. நானாக இருந்தால் தொட்டிருப்பேன்" என்றார்.

விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று மறுநாள் கடிதம் வந்தது. உரிமம் கிடைக்கும்வரை என்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கை. அதோடு எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை: இனி ரிசப்ஷன் மேசையில் எப்போதும் ஆறு பாக்கெட் பழச்சாறு இருக்க வேண்டும். அதற்குக் கணக்கு வைக்கும் பொறுப்பு நிர்வாக உதவியாளருக்கு. அந்தோணி இதைக் கேட்டு, "இப்பம்தான் பேருக்கேத்த வேலை" என்றார்.

6

ஜெஸியின் கட்டுரை முடிந்தது. அனுப்பு, படிக்கிறோம் என்றேன். "ஆங்கிலத்துல இருபது பக்கம், அப்பாவுக்குப் போர் அடிக்கும். நான் சொல்றேன்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, தமிழில் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். அதிகாரப் பகிர்வு என்ற சொல்லை எங்கிருந்தோ கண்டுபிடித்து வைத்திருந்தாள். சொல்லும்போதெல்லாம் நாக்கு தடுக்கி 'அதிகாரப் பகர்வு' ஆனது. அந்தோணி திருத்தவில்லை. அவர் ஒரு குறுக்குக் கேள்வி கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். முடிந்ததும், "மக்ளே, எனக்குப் பாதி வெளங்கல்ல. ஆனா இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

பிரசவத்துக்குப் போன பிள்ளை திரும்பி வந்து என் மின்னஞ்சலைத் திறந்திருக்க வேண்டும். பள்ளியின் கடிதத்தில் எங்கள் அப்பா ஒரே இடத்தில் நின்றார். அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ஷிஹாப் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரிசப்ஷனுக்குள் வந்தார். நான் திரையைப் படிப்பதற்குள் டாக்டர் ஹாலா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"யல்லா செலின், வா, ரெண்டாம் நம்பர் அறை. டிரெஸ்ஸிங்."

சீருடை என் பையிலேயே இருந்தது. நான்கு மாதமாக அதைத் தினமும் மடித்து எடுத்துப் போய்த் தினமும் கொண்டு வந்திருக்கிறேன். கையைக் கழுவினேன். தேவைக்கு மேல் ஒரு தடவை கழுவினேன்.

அறையில் எழுபது வயதுக்காரர் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் கணுக்காலில் புண். பழைய கட்டை அவிழ்த்து, சுத்தம் செய்து, மருந்தை எடுத்தேன். என் கை லேசாக நடுங்கியது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"பிள்ளை, நீங்கள் இஞ்ச புதுசோ?"

"ஆமா ஐயா. இன்னைக்குத்தான் சேந்தேன்."

"அதுதானே பாத்தன்." அவர் குனிந்து, பக்கத்து அறைக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார். "பயப்பிடாதேங்கோ. முதல் நாள் எல்லாருக்கும் இப்பிடித்தான். அவசரமில்லை, ஆறுதலாச் செய்யுங்கோ பிள்ளை, எனக்கு நோகாது."

சரி ஐயா என்று சொல்லி, ஆறுதலாகவே செய்தேன்.